தோலுக்காகப் பாம்பைப் பிடித்த கை, இன்று உயிர் காக்கும் கை!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இரவு ஷிப்டுக்குப் போகிற தொழிலாளர்களுக்கு ஒரு பயம் உண்டு. சூப்பர்வைசர் பயம் அல்ல. பாம்பு பயம்!

மழை விட்ட மறுநாள் பாருங்கள். கம்பெனி காம்பவுண்டு சுவர் ஓரத்தில், வண்டி நிறுத்தும் ஷெட்டில், சரக்கு அடுக்கிய பலகைக்கு அடியில், வாடகை ரூம் வாசலில் என்று எங்கேயாவது ஒரு பாம்பு தலை நீட்டும்.

உடனே நடப்பது இரண்டில் ஒன்று.

"அடி, விடாதே!" என்று நாலு பேர் கம்பை எடுப்பார்கள். இல்லாவிட்டால், "அடிக்காதீங்க, இது ரேட்டு போகிற பாம்பு" என்று எவனாவது ஒரு ஆசாமி வந்து நிற்பான்.

இரண்டுமே சட்டப்படி குற்றம். முதலாவது பயத்தால் நடப்பது. இரண்டாவது பேராசையால் நடப்பது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பாம்பு கடித்தவனைப் பிழைக்க வைக்கிற ஊசி மருந்து இருக்கிறதே, அதற்கு மூலப்பொருள் பாம்பு விஷம்தான். இந்தியாவில் மருந்துக்குப் போகிற விஷத்தில் பெரும் பங்கு, பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் வயல்காட்டுப் பாம்புகள் கொடுப்பது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்த ஜில்லாவில் இருந்த ஊர்கள்தான்.

இந்தப் பாம்புகளை அடித்து ஒழித்துவிட்டால், விற்றுத் தீர்த்துவிட்டால், நாளைக்கு மருந்துக்கு எங்கே போவது?

ஆதிசேஷன் ஊர்

பாம்புக்கும் இந்த வட்டாரத்துக்கும் இருக்கிற உறவு இன்று நேற்று ஏற்பட்டது அல்ல.

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். 1017-ம் ஆண்டு பிறந்த அந்த மகானை ஆதிசேஷனின் அவதாரம் என்றே வைணவர்கள் கும்பிடுகிறார்கள். பக்கத்தில் குன்றத்தூரில் சேக்கிழார் கட்டிய திருநாகேசுவரம் கோவில் இருக்கிறது. ராகு தோஷம் போக அங்கே கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள்.

கோவிலில் கல் நாகத்துக்குப் பால் ஊற்றுகிறோம். வீட்டுக்கு வந்த நிஜப் பாம்பைக் கம்பால் அடிக்கிறோம். அல்லது ஒரு புரோக்கரிடம் கொடுத்து விலை பேசுகிறோம்!

மெட்ராசில் தோல், ஐரோப்பாவில் கைப்பை

இந்தக் கதையை இருளர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இருளர்கள் பழங்குடி மக்கள். ஏரிக்கரை, தோப்பு ஓரம், மலையடிவாரம் என்று பழைய செங்கல்பட்டு ஜில்லா முழுக்க சிதறிக் குடியிருப்பவர்கள். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் தமிழ்நாட்டில் 6 பிரிவினர் வருகிறார்கள். இருளர்கள் அவர்களில் ஒரு பிரிவு. 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்கு இவர்கள் பட்ட பாடு தெரிந்திருக்கும்.

பாம்பு பிடிப்பதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மண்ணில் ஒரு கோடு. நம் கண்ணுக்கு அது வெறும் கோடு. இருளர் அதைப் பார்த்ததும் எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எலி வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது எலியா, எலியைத் தின்ன வந்த பாம்பா என்று கண்டுபிடித்துவிடுவார். கையில் ஒரு கடப்பாரை போதும். வளையை வெட்டி, பாம்பை வாலைப் பிடித்து வெளியே இழுப்பார்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு காலத்தில் ஒரே ஒரு மார்க்கெட்தான் இருந்தது. அது தோல் வியாபாரம்.

ஐரோப்பாவில் பாம்புத்தோல் கைப்பைக்கும், செருப்புக்கும், பெல்ட்டுக்கும் மவுசு அதிகம். அந்தத் தோலுக்கு மெட்ராஸ் பெரிய சந்தை. சாரை, நல்ல பாம்பு, விரியன், மலைப்பாம்பு எல்லாம் தோலாகி கப்பல் ஏறின. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தோல் போனது.

வயலில் விஷப் பல்லுக்கு எதிரே உயிரைப் பணயம் வைத்தவர் இருளர். அவர் கைக்கு வந்தது சில்லறைக் காசு. புரோக்கருக்கு அதைவிட மேல். ஏற்றுமதி செய்தவருக்கு அதற்கும் மேல். வெளிநாட்டுக் கடையில் கைப்பை விற்றவருக்குக் கொள்ளை லாபம்!

அப்போது அது குற்றம் அல்ல. ஊரறிந்த தொழில்.

நேற்று தொழில், இன்று குற்றம்

1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் காட்டு ஜீவன்களைக் கொல்வது மட்டும் அல்ல, பிடிப்பதும் வேட்டை என்று அந்தச் சட்டம் சொன்னது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற உலக ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததும் அதே 1976-ல்தான்.

பாம்புக்கு நல்ல காலம் பிறந்தது. இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது!

தலைமுறை தலைமுறையாகச் செய்த ஒரே வேலை. திடீரென்று அது குற்றம் ஆகிவிட்டது. படிப்பு கிடையாது. நிலம் கிடையாது. பலருக்குக் குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கூட கிடையாது.

எங்கே போவார்கள்? அரிசி ஆலைக்கும், செங்கல் சூளைக்கும், மரம் வெட்டவும் போனார்கள். முன்பணம் என்று கொஞ்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் 1976-ல்தான் வந்தது. ஆனால் 43 ஆண்டு கழித்து, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. மீட்க வந்த அதிகாரி காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்துக் கலங்காதவர் இல்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், காரணம் இருக்கிறது.

காட்டு ஜீவன்களைக் கடத்துகிறவனுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. ஒன்று, பிடிக்கத் தெரிந்த கை. இரண்டு, பசித்த வயிறு. இரண்டும் ஒரே குடிசையில் கிடைத்துவிட்டால் அவனுக்குக் கொண்டாட்டம்தான். தடை போட்ட பிறகும் தோல் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தான். சட்டத்தால் மட்டும் அந்த ஆளை விரட்ட முடியவில்லை.

வழி காட்டிய வெள்ளைக்காரர்

அந்த நேரத்தில் ஒரு யோசனை பிறந்தது.

ரோமுலஸ் விட்டேகர் என்று ஒருவர். அமெரிக்காவில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட பாம்புப் பிரியர். 1969-ல் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை ஆரம்பித்தார். 1972-ல் அது கிண்டிக்கு மாறியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறோமே, அதே பாம்புப் பண்ணைதான். அவருக்குப் பாம்பு வித்தையில் பாடம் சொன்னவர்கள் இருளர்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

"பாம்பைக் கொன்று தோலை விற்றால் ஒரே ஒரு தடவை காசு. உயிரோடு பிடித்து விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிட்டால்?" இதுதான் அந்த யோசனை!

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அது இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் விஷம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

நேற்று வரை வேட்டைக்காரர். இன்று அரசாங்க அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் சங்க உறுப்பினர்!

பானையில் பாம்பு

அங்கே என்ன நடக்கிறது? சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்.

நான்கு வகைப் பாம்புகளைத்தான் சங்கம் வாங்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக் கடியால் நடக்கிற சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கும்தான் காரணம். எந்த வகையில் எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை கணக்குப் போட்டு அனுமதி கொடுக்கும். அந்தக் கணக்கைத் தாண்டக் கூடாது.

பிடித்து வந்த பாம்பை மண் பானையில் விடுவார்கள். பானை வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, மெல்லிய ரப்பர் போர்த்திய கண்ணாடிக் குப்பியைக் கடிக்க வைப்பார்கள். பல் உள்ளே இறங்கும். மஞ்சள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக விஷம் இறங்கும். சுருட்டை விரியன் போன்ற சின்னப் பாம்பிடம் கிடைப்பது ஊசிமுனை அளவுதான்.

மூன்று, நான்கு வாரத்தில் நான்கு தடவை எடுப்பார்கள். பிறகு அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு கொஞ்ச நாளில் மறுபடியும் வந்து சேர்ந்தால், அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எடுத்த விஷம் உறைந்து காய்ந்து பொடியாகும். மருந்து கம்பெனிகள் வாங்கிக்கொண்டு போகும். அங்கே குதிரைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்தில் விஷத்தை முறிக்கிற சக்தி உண்டாகும். அதைப் பிரித்தெடுத்துத்தான் ஊசி மருந்து தயாராகிறது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு எலி வளையில் பிடித்த பாம்பின் விஷம், பீகாரில் பாம்பு கடித்த ஒரு விவசாயியின் உடம்பில் மருந்தாக ஏறுகிறது. எப்படிப்பட்ட பயணம் பாருங்கள்!

ஆண்டுக்கு 58 ஆயிரம் சாவு

பாம்புக் கடி ஏதோ கிராமத்துச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. ஆண்டுக்கு சராசரியாக 58 ஆயிரம்!

2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. 2030-க்குள் பாம்புக் கடிச் சாவைப் பாதியாகக் குறைப்பது நோக்கம். அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு ஒரு உத்தரவு போட்டது. பாம்புக் கடிக்குச் சிகிச்சை கொடுக்கிற ஆஸ்பத்திரிகள், தனியார் ஆஸ்பத்திரி உட்பட, அரசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும் விஷம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்து வடநாட்டில் சில இடங்களில் அவ்வளவாக எடுபடுவதில்லையாம். ஆகவே அந்தந்த வட்டாரத்திலும் விஷம் எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எந்த வட்டாரத்துப் பாம்பும் வேண்டாத பாம்பு கிடையாது. ஒரு வட்டாரத்தில் பாம்பு இனம் அழிந்தால், அந்த வட்டாரத்து மருந்துச் சரக்கும் அதோடு போயிற்று.

அமெரிக்காவில் வெற்றிக்கொடி

இருளர் கைத்திறனுக்கு ஒரு சாட்சி.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் பர்மா மலைப்பாம்புகள் பெருகி, உள்ளூர் விலங்குகளை விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தன. வளர்க்க ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள் கண்ட இடத்தில் விட்டதால் வந்த வினை அது. அங்கே நிபுணர்களே திணறினார்கள். 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை விமானத்தில் வரவழைத்தார்கள். வந்த இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம்!

2023-ல் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் தோல் புரோக்கருக்கு வேலை செய்ய விட்ட கையை, நாடு கூப்பிட்டுக் கௌரவித்தது.

"அண்ணே, கோடி ரூபாய்!"

சரி, வியாபாரம் ஒழிந்துவிட்டதா? இல்லை. வேஷம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

இன்றைக்கு பேராசைக்காரர்கள் துரத்துவது மண்ணுளிப் பாம்பை. இருதலைப் பாம்பு என்றும் சொல்வார்கள். வால் மழுங்கி, தலை மாதிரியே இருப்பதால் வந்த பெயர். உண்மையில் தலை ஒன்றுதான். விஷம் கொஞ்சமும் கிடையாது. மண்ணுக்குள் புதைந்து கிடந்து எலி தின்னும் சாது.

இந்தச் சாதுவைச் சுற்றி எத்தனை புளுகு! வீட்டில் வைத்தால் லட்சுமி கடாட்சமாம். புற்றுநோய்க்கு மருந்தாம். ஆண்மை பெருகுமாம். உள்ளே என்னமோ விலை மதிப்பில்லாத சரக்கு இருக்கிறதாம். எடை ஏற ஏற விலையும் ஏறுமாம்.

இந்த வியாபாரத்தில் பேச்சு வழக்கமாக எப்படித் தொடங்கும் தெரியுமா?

"அண்ணே, பார்ட்டி வெளிநாடு. எடை மட்டும் சரியா இருந்தா கோடி ரூபாய் ரெடி. இப்போதைக்கு டெஸ்ட் பண்ண, வண்டிச் செலவுக்கு ஒரு இருபதாயிரம் மட்டும் போடுங்க, போதும்."

போட்ட இருபதாயிரம் போயே போச்சு! பார்ட்டியும் வராது, கோடியும் வராது. வாங்குகிறவன் ஏமாறுவான். கையில் வைத்திருக்கிறவன் கம்பி எண்ணுவான். பாம்பு சாக்குப் பைக்குள்ளேயே செத்துப்போகும். இந்த மூன்று பேருக்கும் நடுவில் நின்று கமிஷன் அடித்தவன் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

கலசம், ரைஸ் புல்லிங் என்று ஏமாந்த அதே கூட்டம்தான் இதிலும் ஏமாறுகிறது. மண்ணுளிப் பாம்பில் மருந்தும் கிடையாது, மந்திரமும் கிடையாது.

உடும்புக்கும் இதே கதி. அதன் உறுப்பைக் காய வைத்து, 'அபூர்வ மூலிகை வேர்' என்று பூஜை சாமான் கடைகளிலும் கம்ப்யூட்டர் வழியாகவும் விற்ற மோசடி 2017-ல் அம்பலமானது. வேர் என்று நினைத்துப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டவர்கள் எத்தனை பேரோ!

நண்டு என்றார்கள், ஆமை இருந்தது

ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாகப் போனால் சென்னை விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம்தான். கடத்தல்காரர்களுக்கு அந்த விமான நிலையம் மேல் எப்போதும் ஒரு கண்.

2022-ல் தாய்லாந்துக்குப் போக இருந்த ஒரு சரக்கை சுங்க அதிகாரிகள் சென்னையில் பிரித்துப் பார்த்தார்கள். காகிதத்தில் நண்டு என்று இருந்தது. உள்ளே இருந்தவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகள்!

முதுகு ஓட்டில் நட்சத்திரக் கோலம் போட்ட இந்த ஆமை, தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் முள்காட்டில் வாழ்வது. அழகுதான் அதற்கு ஆபத்து. வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். தென்னிந்தியாவில் ஒரே ஒரு வட்டாரத்தில் மட்டும் ஆண்டுக்கு 55 ஆயிரம் ஆமைகளாவது பிடிபடுகின்றன என்று 2015-ல் ஓர் ஆராய்ச்சி சொன்னது. 2019-ல் இதன் உலக வியாபாரத்துக்கே 'சைட்டிஸ்' முழுத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் பெட்டி பெட்டியாகப் போகிறது என்றால் துணிச்சலைப் பாருங்கள்!

போவது மட்டுமா? வருவதும் உண்டு.

2019 பிப்ரவரி 2-ந்தேதி பாங்காக்கில் இருந்து வந்த ஒரு பயணியின் பையில் இருந்தது ஒரு சிறுத்தைக் குட்டி. பிறந்து ஒரு மாதம்தான் இருக்கும். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பயணி கைதானார். குட்டி வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

2022 ஆகஸ்டில் பாங்காக்கில் இருந்து வந்த ஒரு பெண் பயணியிடம் வெள்ளை முள்ளம்பன்றியும், கைக்குள் அடங்கும் குட்டிக் குரங்கும் பிடிபட்டன. 2023 ஜனவரியில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளைத் திறந்தால் 45 குட்டி மலைப்பாம்புகள்! அவற்றை பாங்காக்குக்கே திருப்பி அனுப்பினார்கள்.

பெருகிய வெளிநாட்டு ஜீவன் ஒரு நாட்டை என்ன பாடு படுத்தும் என்பதற்குப் புளோரிடா கதையே போதும். ஆசைக்கு வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் விட்டால் இங்கேயும் அதே கதைதான்.

ஏரி எங்கே, பனந்தோப்பு எங்கே?

இந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது.

30 ஆண்டுக்கு முன்னால் இங்கே ஏரி, மதகு, நெல் வயல், பனந்தோப்பு, மேய்ச்சல் புறம்போக்கு. அவ்வளவுதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் பாரத் பென்ஸ் லாரிக் கம்பெனி. இன்று சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று தொழிற்பேட்டை நீண்டுகொண்டே போகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022-ல் இடம் குறித்ததும் பக்கத்துப் பரந்தூரில்தான்.

லட்சம் குடும்பத்துக்கு வேலை கிடைத்தது. அதில் தப்பே இல்லை. ஆனால் பாம்புக்குக் குடியிருப்பு போயிற்று.

புற்றைப் புல்டோசர் தள்ளினால் பாம்பு எங்கே போகும்? சுவர் ஏறி வரும். கேன்டீன் மிச்சத்தைக் கொட்டுகிற இடத்தில் எலி சேரும். எலி இருக்கிற இடத்தில் பாம்பு சேரும். "கம்பெனிக்குள் பாம்பு வந்துவிட்டது" என்கிறோம். பாம்பு வாயிருந்தால் "என் வீட்டுக்குள் கம்பெனி வந்துவிட்டது" என்று சொல்லும்!

தொழிலாளிகளில் பலர் ஒடிசா, பீகார், அசாம் பக்கமிருந்து வந்தவர்கள். ஒரு ரூமில் பத்துப் பேர். தரையில் படுக்கை. கட்டு விரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவரைக் கடிப்பது அதன் வழக்கம். கடித்தது தெரியாமலே தூங்கி, விடிவதற்குள் போனவர்கள் உண்டு. ஒரு கட்டில், ஒரு கொசுவலை, கையில் ஒரு டார்ச் இருந்தாலே பாதி ஆபத்து விலகும்.

மாட்டுவது யார்?

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் கூட்டினார்கள். முதல் பட்டியலில் உள்ள உயிரினத்தைத் தொட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு ஜெயில். அபராதம் 25 ஆயிரத்துக்குக் குறையாது. 2007 முதல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு என்று மத்திய அரசின் தனி அமைப்பே இருக்கிறது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

ஆனால் கையும் களவுமாக மாட்டுவது பெரும்பாலும் யார்? சாக்குப் பையைத் தூக்கியவன். பெட்டியைச் சுமந்தவன். நாலு காசுக்காக ஆமையைப் பொறுக்கிக் கொடுத்தவன். சரக்குக்கு ஆர்டர் கொடுத்தவனும், பணம் போட்டவனும் திரை மறைவில்.

இருளர் சங்கத்தின் கதை இங்கேதான் பாடம் சொல்கிறது. பிடிக்கத் தெரிந்தவனுக்கு நேர்மையான வேலையும் நியாயமான கூலியும் கொடுத்தால், அவனே காட்டுக்குக் காவல்காரன் ஆகிவிடுவான். கள்ள வியாபாரிக்கு ஆள் கிடைக்க மாட்டான்.

ஆனால் சங்கத்தில் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். அனுமதி வர நாளானால் அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்காது. சங்கத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் 1986-ல் ஒரு நலச் சங்கம் அமைத்து மூலிகை, நாற்றுப் பண்ணை என்று பிழைக்கிறார்கள். இப்படி இன்னும் பத்து வழி திறக்க வேண்டும்.

கோடிக்கணக்கில் மூலதனம் போட்ட கம்பெனிகள் இங்கே வரிசையாக நிற்கின்றன. பாம்பு பிடிக்க அனுமதி பெற்ற ஒரு இருளரைத் தொழிற்பேட்டைக்கு ஒருவர் என்று மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள வனத்துறையோடு பேசி ஏற்பாடு செய்தால் என்ன? தொழிலாளிக்கும் பாதுகாப்பு, பாம்புக்கும் பாதுகாப்பு, ஒரு குடும்பத்துக்குச் சோறு!

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். 101-க்குப் போன் போட்டு தீயணைப்பு நிலையத்துக்கோ, அல்லது வனத்துறைக்கோ சொல்லுங்கள். செல்போனில் படம் எடுக்கக் கிட்டே போவது வேண்டாத வேலை.

கடித்துவிட்டால் கத்தியால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே. கயிற்றால் இறுக்கிக் கட்டாதே. மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதே. கடிபட்ட கை, காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டு 108-க்கு போன் செய். அரசாங்க ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இலவசம். கடித்த பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே போடுகிற ஊசி நான்கு பாம்புக்கும் சேர்த்துச் செய்தது.

மண்ணுளி, ஆமை, உடும்பு, கிளி என்று எதை யார் விலை பேசினாலும் வாங்காதீர்கள். வளர்க்கவும் ஆசைப்படாதீர்கள். வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் எங்கிருந்து வருவான்? பேரம் பேசுகிற ஆசாமியைப் பற்றி வனத்துறைக்கோ போலீசுக்கோ ஒரு தகவல் கொடுத்தால் போதும்.

ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள். மணலில் குடில் போட்டு, கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி முடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கிற ஏதோ ஒரு கைதான், நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற ஊசிக்கு விஷம் எடுத்துக் கொடுத்த கையாக இருக்கும்.

அடுத்த முறை கம்பை எடுக்கும் முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!